ராமானுஜனுக்கு அப்புறம் ஒரு பேர் சொல்லுங்க

போன மாதம் பதினொன்றாம் வகுப்பில் நிகழ்தகவுப் பாடம் தொடங்கும் முன் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டேன். தமிழ்நாட்டில் பிறந்த கணித மேதை ஒருவர் பெயர் சொல்லுங்கள். ஒரே குரலில் "ராமானுஜன் மிஸ்" என்றார்கள். சரி, அவருக்கு அப்புறம் இன்னொரு பேர்? வகுப்பே அமைதியாகிவிட்டது. ஒரு பெண் மட்டும் தயங்கித் தயங்கி சகுந்தலா தேவி என்றாள். அவர் பெங்களூர்க்காரர் என்று சொல்லி உட்கார வைத்தேன்.

சீனிவாச வரதன் என்ற பெயர் அவர்களுக்குத் தெரியாததற்கு அவர்கள் மேல் குற்றம் இல்லை. சொல்ல வேண்டியவர்கள் நாங்கள், சொல்லவில்லை. 2007-ல் அவருக்கு ஏபெல் பரிசு கிடைத்தது. கணிதத்துக்கு நோபல் கிடையாது, அந்த இடத்தில் வைத்துப் பேசப்படும் பரிசு இது. இந்தியாவில் பிறந்தவர்களில் அதை முதலில் வாங்கியவர் 1940-ல் சென்னையில் பிறந்த இந்த மனிதர். 2023-ல் பத்ம விபூஷண் அறிவித்தபோது பேப்பரில் பெயர் வந்தது. அத்தோடு சரி.

ராமானுஜனைப் பற்றி ஒரு சொல் குறைத்துப் பேச எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் அவர் கதையை நாம் சொல்கிற விதத்தில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. நாமகிரித் தாயார் கனவில் வந்தார், சாப்பாட்டுக்கே கஷ்டம், இங்கிலாந்துக் கணிதர் ஹார்டிக்குக் கடிதம், 32 வயதில் மரணம். இதைக் கேட்கிற பிள்ளைக்கு மனதில் நிற்பது ஒன்றுதான்: கணக்கு ஒரு வரம், வாங்கி வந்தவனுக்கு வரும், நமக்கு வராது. இருபது வருஷமாகப் பாடம் நடத்துகிறேன், "எனக்குக் கணக்கு வராது மிஸ்" என்ற வாக்கியத்தைக் கேட்காத வாரம் இல்லை.

வரதனின் கதை வேறு மாதிரி. அப்பா ரங்க ஐயங்கார் அறிவியல் ஆசிரியர், பொன்னேரி போர்டு ஹைஸ்கூலில் தலைமை ஆசிரியராக இருந்தவர். வீட்டுக்கு ஒரே பிள்ளை. தன் பள்ளி நாட்களைப் பற்றி வரதனே சொல்லியிருக்கிறார்: கணக்கு வாத்தியார் ஒருவர் நன்றாகப் படிக்கிற சிலரை சனி ஞாயிறுகளில் தன் வீட்டுக்கு வரச் சொல்லி, புதுப்புதுக் கணக்குகளாகக் கொடுப்பாராம். பரீட்சைக்காக அல்ல. புதிர் போடுகிற மாதிரி, விளையாட்டு மாதிரி. இதைப் படித்த அன்று நான் வேறு வேலை பார்க்கவில்லை. திரும்பத் திரும்ப அந்த வாத்தியாரையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரி, மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் ஹானர்ஸ், 1959-ல் கல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனம். போகும்போது அவர் மனதில் இருந்தது தொழிற்சாலைத் தரக்கட்டுப்பாடு. படித்துவிட்டு நல்ல வேலைக்குப் போகலாம் என்ற எண்ணம். நம் பிள்ளைகள் நினைப்பதும் அதுதானே! அங்கே வி.எஸ். வரதராஜன், கே.ஆர். பார்த்தசாரதி, ரங்கா ராவ் என்று வயதில் கொஞ்சம் மூத்த இளைஞர்கள் இருந்தார்கள். அவர்கள்தான் இவரைக் கணிதத்துக்குள் இழுத்தார்கள். வழிகாட்டி என்று காகிதத்தில் இருந்தவர் சி.ஆர். ராவ். அவர் செய்த பெரிய காரியம், இந்தப் பையன்களைத் தொந்தரவு செய்யாமல் விட்டது. இவர்கள் ஒருவருக்கொருவர் பாடம் எடுத்துக்கொண்டார்கள்.

1962-ல் ரஷ்யாவிலிருந்து கொல்மகோரொவ் வந்தார். நிகழ்தகவுக்கு இன்று நாம் பாடம் நடத்துகிற அடித்தளத்தை 1933-ல் போட்டவர். அவர் முன்னால் வரதன் தன் ஆய்வைப் பற்றிப் பேசினார். பேச்சு நீண்டுகொண்டே போனது. முடிந்ததும் கொல்மகோரொவ் கருத்துச் சொல்ல எழுந்தபோது சிலர் வெளியே கிளம்பிவிட்டார்கள். அவர் சாக்பீஸை வீசிவிட்டு வெளியேறினார். இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு அன்று எப்படி இருந்திருக்கும்! அதே கொல்மகோரொவ்தான் ஆய்வேட்டைப் படித்துவிட்டு, இது மாணவன் எழுதியதல்ல, தேர்ந்த கைக்காரர் எழுதியது என்ற பொருளில் எழுதி அனுப்பினார்.

1963-ல் நியூயார்க் கூரான்ட் கணித நிறுவனம். விமானம் இறங்கி பஸ் பிடித்துத்தான் போனார். அந்தக் கட்டடம் முன்பு தொப்பித் தொழிற்சாலை. அதில் ஜன்னல் இல்லாத அறை ஒன்று கொடுத்தார்கள். வேறு இடம் தேடவில்லை. அங்கேயே ஆசிரியரானார், இரண்டு முறை இயக்குநராகவும் இருந்தார். டேனியல் ஸ்ட்ரூக்கோடு சேர்ந்து ஒரு பெரிய வேலை, மன்ரோ டான்ஸ்கரோடு சேர்ந்து எழுபதுகளின் நடுவிலிருந்து எண்பதுகள் வரை நீண்ட இன்னொரு வேலை. அவர் கட்டுரைகளில் பல "அவரும் இவரும்" என்றுதான் நினைவில் நிற்கும். தனியாக உட்கார்ந்து தவம் செய்யும் மேதை என்ற படம் இங்கே பொருந்தவே பொருந்தாது.

என்ன கண்டுபிடித்தார் என்று கேட்பீர்கள். வகுப்பில் செய்ததையே சொல்கிறேன். அன்று வந்திருந்த நாற்பது பேரிடமும் ஆளுக்கொரு நாணயம், 25 தடவை சுண்டச் சொன்னேன். பெஞ்சுக்கு அடியில் உருண்டவை போக, சண்டைகள் தீர்ந்த பிறகு, ஆயிரம் சுண்டலில் 489 தலை. பாதிக்குப் பக்கம். நூறு தடவை சுண்டினால் 60 அல்லது அதற்கு மேல் தலை விழ 35-ல் ஒரு வாய்ப்பு. ஆயிரம் தடவை சுண்டினால் 600 அல்லது அதற்கு மேல் விழ? சுமார் 700 கோடியில் ஒன்று. விகிதம் அதே அறுபது சதவீதம், வாய்ப்பு மட்டும் பாதாளத்துக்குப் போய்விடுகிறது.

இந்தப் பாதாளத்தை அளக்கிற கணிதம்தான் பெருவிலகல் கோட்பாடு. ஸ்வீடனில் கிராமேர் 1938-லேயே இதில் ஒரு வாசலைத் திறந்தார். காப்பீட்டுக் கம்பெனி எப்போது திவாலாகும் என்ற கணக்கிலிருந்து வந்த வேலை அது. 1966-ல் வரதன் அதை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு சட்டகமாக மாற்றினார். நாணயத்துக்கு மட்டுமல்ல, நேரத்தோடு அலைந்து திரிகிற எந்தத் தற்செயலுக்கும் அது பொருந்தும். தொலைபேசி வலையமைப்பு திணறுவது, வாயுவில் மூலக்கூறுகள் கூட்டமாக நடந்துகொள்வது எல்லாம் இன்று அந்தச் சட்டகத்தில் வைத்துப் பார்க்கப்படுகிறது.

ஒன்றை எழுதாமல் போக மனம் வரவில்லை. 2001 செப்டம்பர் 11 அன்று வரதன் தம்பதியின் ஒரு மகன் உலக வர்த்தக மையத்தில் இறந்துபோனார். அரிய நிகழ்வுகளின் கணிதருக்கு இப்படி ஒன்று என்று இரண்டையும் முடிச்சுப் போட்டு எழுதுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. மகனைப் பறிகொடுத்த தகப்பனின் துக்கத்துக்கும் அவர் சூத்திரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதற்குப் பிறகும் அவர் பாடம் நடத்தினார், மாணவர்களை உருவாக்கினார். அதைத்தான் நான் என் பிள்ளைகளிடம் சொன்னேன்.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். நம் பள்ளிகளிலும் சனிக்கிழமை வகுப்பு உண்டு. ஸ்பெஷல் கிளாஸ், ஸ்லிப் டெஸ்ட், முக்கிய வினாக்கள், மறுபடி டெஸ்ட். சென்டம் எத்தனை என்ற கேள்வி மட்டும் மேலேயிருந்து வரும். புதிர் போட ஒரு மணி நேரம் கேட்டால் "போர்ஷன் முடிஞ்சுதா" என்பார்கள். நானும் பல வருஷம் அப்படியே தலையாட்டியிருக்கிறேன். ஒரு வாத்தியாரின் வார இறுதியும், வேலை பார்க்க விட்ட ஒரு நிறுவனமும், தோள் கொடுத்த நாலு நண்பர்களும் சேர்ந்து ஒரு வரதனைக் கொடுத்தன என்றால், நம்மால் ஏற்பாடு செய்ய முடியாதது இதில் எது?

அன்று மணி அடிக்கிற நேரத்தில் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் கேட்டான். "மிஸ், சப்போஸ் 600 வந்துடுச்சுன்னு வைங்க. மொதல்லேருந்தே கொஞ்சங்கொஞ்சமா தலை கூடிக்கிட்டே வருமா, இல்ல கடைசில வரிசையா தலையா விழுந்து 600 ஆகுமா?"

எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. பெருவிலகலின் மையக் கேள்வியே இதுதான். கடைசி 200 தடவையும் வரிசையாகத் தலை விழ வேண்டுமென்றால், அந்த வாய்ப்பு ஒன்றை, ஒன்றுக்குப் பின்னால் அறுபது சைபர் போட்ட எண்ணால் வகுத்த மாதிரி. அதைவிட, அறுபதுக்கு நாற்பது என்று சாய்ந்த நாணயம் மாதிரி முதலிலிருந்தே பரவலாகக் கூடி வருவது எத்தனையோ மடங்கு சுலபம். நடக்கவே நடக்காது என்கிற ஒன்று நடந்தால்கூட, இருக்கிற வழிகளில் எது மலிவோ அந்த வழியாகத்தான் நடக்கும். அந்த வழியைக் கண்டுபிடிப்பதுதான் வரதனின் கணிதம்.

இதையெல்லாம் சொல்ல அடுத்த பீரியட் டீச்சர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். சனிக்கிழமை காலை வீட்டுக்கு வாப்பா, உட்கார்ந்து பேசுவோம் என்றேன். இன்னும் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். அந்த சகுந்தலா தேவிப் பெண்ணும் ஒருத்தி. மதியம் ஒன்றரை வரை கூடத்துத் தரையில் நாணயம் உருண்டுகொண்டே இருந்தது.