தப்பியவர்களுக்கு மட்டுமா கிருபை?

"தேவ கிருபையால் அன்றைக்கு நான் பிந்திப் போனேன், அதனால் தப்பினேன்." 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதலுக்குப் பிறகு மட்டக்களப்பில் இப்படியான சாட்சிகளை நிறையக் கேட்டிருக்கிறேன். சொல்கிறவர் மனதார நன்றி சொல்கிறார், அது சரி. ஆனால் அதே வாங்கில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருவர் இருக்கிறாரே! ஏப்ரல் 21 அன்று சீயோன் தேவாலயத்தில் இறந்த 31 பேரில் 14 பேர் சிறுவர்கள். ஞாயிறு பள்ளிக்கு வந்த பிள்ளைகள். தப்பியதுதான் கிருபை என்றால், என் பிள்ளைக்கு மட்டும் ஏன் அது கிடைக்கவில்லை என்று அந்தத் தாய் நினைக்கமாட்டாரா?

உயிர் தப்புவதையும் கிருபையையும் ஒன்றாக்கியது நாங்கள்தான், வேதம் அல்ல. பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள்ளை எடுத்துவிடும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் போகவில்லை. "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில்தான் வந்தது. வீட்டுச் சுவரில் அழகாக மாட்டி வைத்திருக்கிறோமே, அந்த வசனம் நீங்காத முள்ளோடு வாழ்ந்த ஒருவருக்குச் சொல்லப்பட்டது.

1814இல் மட்டக்களப்புக்கு வந்த மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட், வரும் வழியிலேயே கப்பலில் மனைவியை இழந்தவர். அடுத்த ஆண்டே அவரும் இங்கே இறந்துபோனார். மெதடிஸ்த மத்திய கல்லூரி அவர் தொடங்கிய பள்ளிக்கூடம்தான். அதற்காகத்தான் ஆண்டவர் அந்த இழப்புகளைக் கொடுத்தார் என்று தயவுசெய்து யாரும் கணக்கு எழுதவேண்டாம். கிருபை இல்லாத மனிதர் என்றும் அவரை யாரும் சொல்லமுடியாது.

நான் கிருபையைக் கண்ணால் பார்த்த இடம் ஒரு அகதி முகாம். 2004 டிசம்பர் 26, நத்தாருக்கு மறுநாள், நாவலடியில் என் பெரியம்மாவின் மகளைக் கடல் கொண்டுபோனது. உடல்கூடக் கிடைக்கவில்லை. பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில் பெரியம்மா சாப்பிடாமல், யாரோடும் கதைக்காமல் சுவரைப் பார்த்தபடி இருந்தார். வந்தவர்கள் எல்லாரும் ஏதோ ஒன்றைச் சொன்னார்கள். "ஆண்டவர் நல்ல பூவாகப் பார்த்துப் பறித்துக்கொண்டார்" என்றுகூட ஒருவர் சொன்னார். பெற்றவளிடம் சொல்கிற பேச்சா அது? எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அதே வகுப்பறையில் தங்கியிருந்த ஒரு வயதான அம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் எங்கள் சபையும் இல்லை, கிறிஸ்தவரும் இல்லை. யாரிடமோ கொஞ்சம் தேங்காயெண்ணெய் வாங்கிவந்து, பெரியம்மாவின் பின்னால் பாயில் உட்கார்ந்தார். உப்புத்தண்ணீரில் சிக்குப்பிடித்துக் கிடந்த தலைமயிரை விரலாலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, எண்ணெய் வைத்து, இறுக்கமாகப் பின்னிவிட்டார். பின்னி முடிக்கும்போதுதான் பெரியம்மா வாய்விட்டு அழுதார். அப்புறம் ஒரு வாய் பிளேன்டீ குடித்தார். ஆண்டவர் அந்த அம்மாவின் கைகளில் வந்தார் என்று நான் முழுமனதாக நம்புகிறேன். நடந்ததற்குக் காரணம் சொல்ல அவர் வரவில்லை. சிலுவையில் "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று தானே கதறியவர் அல்லவா, பெரியம்மாவின் மௌனம் அவருக்குத் தெரியாததா?

வேதத்தில் பிள்ளைகளை எல்லாம் பறிகொடுத்த யோபுவின் சிநேகிதர்களும் முதல் ஏழு நாள் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாய் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

போதகர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். சங்கீதம் 88ஐ எங்கள் ஆராதனைகளில் வாசித்து நான் கேட்டதே இல்லை. மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் துதிக்குத் திரும்பும். இது திரும்பாது. சிநேகிதர்கள் தூரமாய்ப் போனார்கள், தெரிந்தவர்கள் மறைந்துபோனார்கள் என்றே முடிகிறது. அதையும் ஜெபம் என்றுதானே வேதத்தில் வைத்திருக்கிறார்கள்? வருகிற ஏப்ரலில் அதை முழுதாக வாசியுங்கள். வாசித்த கையோடு விளக்கம் சொல்லவேண்டாம், உற்சாகமான பாட்டும் எடுக்கவேண்டாம். அழுகிறவர்கள் அழட்டும். தாங்காமல் யாராவது எழும்பி வெளியே போனால், கூடவே ஒருவரை அனுப்புங்கள்.