அந்தப் பையனை சீட்டிலிருந்து எழுப்பியவங்களுக்கு

கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டு வீடியோவை நேத்திலிருந்து ஆளாளுக்கு ஷேர் பண்றீங்க. டிக்கெட் எடுத்து உட்கார்ந்திருந்த பையனை "இந்திக்காரா, எந்திரிடா"ன்னு எழுப்பி விடுறாங்க. அவன் ஒரு வார்த்தை பேசலை. துணிமணி திணிச்ச பெயிண்ட் பக்கெட்டை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, கம்பியைப் பிடிச்சு நின்னான். கீழே சிரிப்பு பொம்மை போட்டவங்கள்ல பாதிப் பேர் எங்க ஊத்தங்கரைப் பக்கத்து ஆளுங்க. அதுதான் தாங்கலை.

பொழைக்கப் போன ஊர்ச் சோறு தின்னு வளர்ந்தவங்க நாம. எங்கப்பா பெங்களூர்ல கொத்தனார். 1991 டிசம்பர், காவிரிக் கலவரம். தமிழ் பேசினா அடி விழுந்த நேரம். அத்திப்பள்ளி தாண்டி ஓசூர் வர்ற வரைக்கும் ராத்திரி முழுக்க வாயைத் திறக்காம நடந்தே வந்தார். லுங்கியில சுத்தின பூச்சுக் கரண்டியை மட்டும் கையிலிருந்து விடலை. அந்தப் பக்கெட்டைப் பார்த்ததும் எனக்கு அந்தக் கரண்டிதான் ஞாபகம் வந்துச்சு.

"அது வேற, இது வேற"ன்னு சொல்லுவீங்க. என்ன வேற? 1845-ல ஆரம்பிச்ச உருளைக்கிழங்குப் பஞ்சத்துல அயர்லாந்துல பத்து லட்சம் பேர் செத்தாங்க, அதுக்கும் மேல கப்பலேறினாங்க. ஒன்றரை நூற்றாண்டு ஆள் அனுப்பின அந்த நாட்டுக்கு 1990-கள் பாதியிலிருந்து, நடுவுல சில வருஷம் தவிர, போறவங்களைவிட வர்றவங்க அதிகம். 1963-லிருந்து மேற்கு ஜெர்மனிச் சுரங்கத்துக்கு ஆள் அனுப்பின தென்கொரியா, இன்னைக்கு நேபாளத்திலிருந்து ஆள் கூப்பிடுது. நம்ம ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையும் அதே கதைதான். இங்கே ஒடிசாக்காரன் வந்து இறங்குறான், நம்ம ஆளுங்க இன்னமும் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பஸ் ஏறுறாங்க.

"கம்மிக் கூலிக்கு வந்து நம்ம வேலையைக் கெடுக்கிறாங்க"ன்னா, அந்த வலி எனக்கும் தெரியும். என் தம்பி சென்ட்ரிங் வேலைக்காரன், கூலி ஏறலைன்னு தினமும் புலம்புறான். ஆனா கூலியைக் குறைச்சது காண்ட்ராக்டர். அவரைப் பார்த்தா எழுந்து நின்னு கும்பிடுறீங்க. கை ஓங்குறது பக்கெட் வச்சிருக்கிறவன் மேல. "குற்றம் பண்றாங்களே"ன்னு கேட்டா, அதுக்கு போலீஸ் இருக்கு. டிக்கெட் எடுத்து உட்கார்ந்தவன் என்ன குற்றம் பண்ணினான்?

பொழைக்க வந்தவனை எழுப்பி விடுற உரிமை நமக்குக் கிடையாது. வேற யாருக்கு இருந்தாலும் நமக்குக் கிடையாது.

அப்பாகிட்ட வீடியோவைக் காட்டினேன். பாதியிலேயே போனைத் திருப்பிக் குடுத்துட்டார். "அந்தப் பையன் போக வேண்டிய எடத்துக்குப் போய்ச் சேர்ந்தானா?"ன்னு மட்டும் கேட்டார். பதில் சொல்லத் தெரியலை. வீடியோ எடுத்தவங்க இதைப் படிச்சா சொல்லுங்க.