எழுத்தே இல்லாத புத்தகத்துக்கு எதற்குக் காசு?

புத்தகக் கண்காட்சியில் வெறும் படம் மட்டுமே இருக்கும் கதைப்புத்தகத்தைக் கையில் எடுக்கும் பெற்றோர், ரெண்டு நிமிஷத்தில் புரட்டி முடித்துவிட்டுக் கேட்பது ஒன்றுதான்: "இதுல படிக்கிறதுக்கு என்னங்க இருக்கு?" கேட்டுவிட்டு, விலையை ஒருமுறை பார்த்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். என் கட்சி நேர் எதிர். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு முதலில் வாங்கித் தரவேண்டியதே இந்த மாதிரிப் புத்தகம்தான்.

ஒரே ஒரு புத்தகத்தை வைத்துப் பேசுகிறேன். மெர்சர் மேயர் என்ற அமெரிக்க ஓவியர் 1969இல் வெளியிட்ட 'ஃபிராக், வேர் ஆர் யூ?'. தலைப்பை விட்டால் உள்ளே ஒரு எழுத்து கிடையாது, 24 படங்கள், அவ்வளவுதான். பாட்டிலில் வளர்த்த தவளை ராத்திரியில் தப்பித்துப் போய்விடுகிறது, பையனும் நாயும் தேடிக்கொண்டு காட்டுக்குள் போகிறார்கள். ஒரு இடத்தில் பையன் பாறைமேல் ஏறி மரக்கிளையைப் பிடித்துக்கொண்டு தவளையைக் கூப்பிடுகிறான். பக்கத்தைத் திருப்பினால் அது கிளை இல்லை, மான் கொம்பு! மான் அவனைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓடி, பள்ளத்தில் இருக்கும் தண்ணீரில் தள்ளிவிடுகிறது.

என் அக்கா மகளுக்கு ஐந்து வயது. அந்தப் படம் வந்ததும் மானுக்காக வக்காலத்து வாங்க ஆரம்பித்துவிட்டாள். "அது தூங்கிட்டு இருந்துச்சு சித்தி, தூங்கும்போது யாராவது முடியப் புடிச்சு இழுத்தா சும்மா இருப்பாங்களா?" அவள் அண்ணன், எட்டு வயது, ஒத்துக்கொள்ளவே இல்லை. "மான் ஹெல்ப் பண்ணுது, தவளை தண்ணியிலதான இருக்கும், அதான் கொண்டுபோய் விடுது" என்றான். அடுத்த பக்கங்களைப் பார்த்தால் அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, தவளை அந்தக் குளத்தங்கரையில்தான் கிடைக்கிறது. மானின் மனசில் என்ன இருந்தது என்று எழுத்தாளர் ஒரு வரி எழுதியிருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காது.

இந்தப் புத்தகத்தை மொழியியல்காரர்கள் விட்டுவைக்கவில்லை. ரூத் பெர்மன், டான் ஸ்லோபின் இருவரும் ஆங்கிலம், ஜெர்மன், ஸ்பானிஷ், ஹீப்ரு, துருக்கி என ஐந்து மொழிக் குழந்தைகளிடம், பெரியவர்களிடமும்தான், இதைக் கொடுத்துக் கதை சொல்லவைத்து, 1994இல் பெரிய நூலாகவே கொண்டுவந்தார்கள். மூன்று வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் 'இங்க நாய், இங்க பையன்' என்று படம் படமாகத்தான் சொல்கிறார்கள். தேடுவது என்ற ஒரு சரட்டில் எல்லாவற்றையும் கோர்ப்பது வளர வளரத்தான் வருகிறது. அப்படி வர, பிள்ளை தானே சொல்லிப் பார்க்க வேண்டும் இல்லையா? நாம் எங்கே சொல்ல விடுகிறோம்! "இது என்ன? மான். வெரிகுட். மானுக்கு எத்தனை கால்?" என்று கதை நடுவில் பரீட்சை வைத்துவிடுகிறோம்.

இன்னொரு விஷயம், எனக்கு இதுதான் முக்கியம். நம் சிறுவர் புத்தகங்களில் பெரும்பாலும் 'சிறுவன் தவளையைத் தேடிச் சென்றான்' என்றுதான் இருக்கும். எந்த வீட்டில் அப்படிப் பேசுகிறார்கள்? எழுத்துத் தமிழ் பிள்ளைகள் காதில் விழத்தான் வேண்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் படம் மட்டும் இருந்தால் பிள்ளை தன் வீட்டுத் தமிழில், மதுரையோ நாகர்கோவிலோ, முழுக்கதையையும் தானே கட்டுகிறது. 'தப்பு, அப்படி இல்ல' என்று திருத்தப் பக்கத்தில் ஒரு வரி கிடையாது.

இத்தாலியின் லாம்பெதூசா தீவில் படகேறி வந்து இறங்கும் அகதிப் பிள்ளைகளுக்கும், உள்ளூர்ப் பிள்ளைகளுக்கும் சேர்த்து 2012இல் இப்பி (IBBY) என்ற சர்வதேசச் சிறுவர் நூல் அமைப்பு உலகம் முழுவதிலிருந்தும் எழுத்தில்லாப் புத்தகங்களைத்தான் திரட்ட ஆரம்பித்தது. ஒருவர் பேச்சு இன்னொருவருக்குப் புரியாத இடத்தில் வேறு எந்தப் புத்தகத்தைக் கொடுப்பது? அவரவர் மொழியில் அவரவர் சொல்லிக்கொள்ளலாம்.

இதனால் அ, ஆ வராது என்பவர்களுக்கு: ஆமாம், வராது. அது வேறு வேலை. அப்புறம், எழுத்து இல்லை என்றாலே சின்னப் பிள்ளை சமாச்சாரம் என்று நினைக்கவும் வேண்டாம். ஆஸ்திரேலிய ஓவியர் ஷான் டானின் 'தி அரைவல்' புலம்பெயர்ந்து போகும் ஒரு மனிதனின் கதை, ஒரு வசனம் கிடையாது, பெரியவர்களே உட்கார்ந்து நிதானமாகப் பார்க்கவேண்டிய புத்தகம்.

விலைதான் இடிக்கிறது, அதை ஒத்துக்கொள்கிறேன். வெளிநாட்டுப் பதிப்பை வாங்க எல்லோராலும் முடியாது. மினி பஸ்ஸில் தெரியாமல் ஏறிவிட்ட ஒரு ஆட்டுக்குட்டியை 24 படத்தில் வரைய இங்கே ஓவியர்களுக்கா பஞ்சம்? பதிப்பாளர்கள் யாராவது போடுங்கள், முதல் ஆளாக நான் வாங்குகிறேன். பின்னட்டையில் 'இக்கதையின் நீதி' என்று மட்டும் எதையாவது அச்சடித்துத் தொலைக்காதீர்கள்.