ஆளுநரிடம் ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்?

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையிலேயே பதில் சொல்லியிருக்கணும். பிள்ளைகள் இருந்தார்கள், அண்ணி வேறு ஆசையாகச் சமைத்திருந்தார், பேசாமல் இருந்துவிட்டேன். இரண்டு நாளாக மனசுக்குள் அரித்துக்கொண்டே இருக்கிறது. ஜப்பானின் தென்கோடித் தீவு மாநிலம் ஒகினாவா விஷயம்தான், அங்கே அமெரிக்கப் படைத் தளங்கள் இருக்கின்றன, செய்தி எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அண்ணன் ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னார்: "அந்த ஆளுநருக்கு வேற வேலையே இல்லையா தம்பி, எதுக்கெடுத்தாலும் அமெரிக்கத் தளம் வேண்டாம்னு கத்திக்கிட்டு."

கத்துகிறாராம்.

தேதிகளை மட்டும் பாருங்கள். 2023 டிசம்பர் 24, பதினாறு வயதுகூட ஆகாத ஒரு பெண்பிள்ளையைக் கடத்திப் பாலியல் வன்முறை செய்ததாகப் புகார். 2024 மார்ச் 27, அங்கிருக்கும் கடேனா தளத்து அமெரிக்க விமானப்படைக்காரர்மீது குற்றப்பத்திரிகை. டோக்கியோவில் வெளியுறவு அமைச்சகம் அமெரிக்கத் தூதரிடம் கண்டனம்கூடச் சொல்லிவிட்டது. ஆக தூதருக்குத் தெரியும், டோக்கியோவுக்குத் தெரியும். அந்த ஊர் மக்கள் ஓட்டுப் போட்டு உட்காரவைத்த ஆளுநர் டெனி டமாகிக்கு? ஜூன் 25, செய்தி வெளியே வந்த பிறகுதான் தெரியும். நடுவில் ஏப்ரலில் அப்போதைய பிரதமர் கிஷிடா வாஷிங்டன் போய் விருந்து சாப்பிட்டுவிட்டு வந்தார். ஜூன் 16 ஒகினாவா சட்டமன்றத் தேர்தல் நடந்தது. ஜூன் 23 போர் நினைவுநாளுக்கு கிஷிடா நேரிலேயே வந்தார், ஆளுநரும் இருந்த அதே நிகழ்ச்சியில் உரை ஆற்றினார், கிளம்பிப் போனார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கேட்டால், பாதிக்கப்பட்டவரின் அந்தரங்கத்தைக் காப்பாற்றினார்களாம். ஆளுநரிடம் சொல்லியிருந்தால் தண்டோரா போட்டிருப்பார் போலிருக்கிறது! இப்படி ஏதாவது நடந்தால் உள்ளூருக்குத் தகவல் போகவேண்டும் என்று இரண்டு நாடுகளும் 1997லேயே ஒப்புக்கொண்ட ஏற்பாடு ஒன்று இருக்கிறது. 1995ல் பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கு மூன்று அமெரிக்கப் படையினர் செய்ததை இங்கே எழுதக் கை வரவில்லை. அதைக் கண்டித்து 85,000 பேர் திரண்டார்கள். அதற்கப்புறம் வந்த ஏற்பாடு அது. இருந்தும் சொல்லவில்லை.

இன்னொன்று. ஆளுநர் என்றதும் நம் ஆட்களுக்கு ராஜ்பவன் ஞாபகம் வந்துவிடுகிறது. டில்லி அனுப்பிவைத்தவர், ரப்பர் ஸ்டாம்ப், இவருக்கென்ன இவ்வளவு பேச்சு என்று. ஜப்பானில் ஆளுநர் என்பவர் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பவர், கிட்டத்தட்ட நம் முதல்வர் மாதிரி. டமாகி 2018ல் 3,96,000 ஓட்டுக்கு மேல் வாங்கி வந்தார், ஒகினாவா ஆளுநர் தேர்தலில் அதுவரை யாரும் வாங்காத ஓட்டு. 2022ல் திரும்பவும் ஜெயித்தார். ஊரில் மாநில உரிமை என்றால் தொண்டை நரம்பு புடைக்கப் பேசுகிற அதே அண்ணன்தான் இங்கே "பாதுகாப்பு மத்திய அரசு விஷயம், இவர் எதுக்கு மூக்கை நுழைக்கிறார்" என்கிறார். வேடிக்கைதான்.

சரி, மத்திய அரசு விஷயமாகவே இருக்கட்டும். 2017ல் அமெரிக்கப் படை ஹெலிகாப்டர் ஜன்னல் ஒன்று, 7.7 கிலோ, ஒகினாவாவில் அவர்களுடைய ஃபுடென்மா விமானத் தளத்தை ஒட்டிய தொடக்கப்பள்ளி மைதானத்தில் விழுந்தது. பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்த நேரம். அதற்குப் பிறகு சில மாதங்களில் ஐநூறு தடவைக்கு மேல் அந்தப் பிள்ளைகள் விளையாட்டை நிறுத்திவிட்டு ஓடி ஒதுங்கியிருக்கிறார்கள். அப்போது அந்தப் பெற்றோர் யாரிடம் போய்க் கேட்பார்கள்? டோக்கியோவுக்கு ரயிலேறியா? ஒகினாவாவுக்கு ரயிலும் கிடையாது.

நான் ஒன்றும் யோக்கியன் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். 2019ல் குடும்பத்தோடு போயிருந்தோம். கடேனா தளத்துக்கு எதிரே சாலையோர ஓய்விடம் ஒன்று உண்டு, மாடிக்குப் போனால் ஓடுபாதை முழுக்கத் தெரியும். பெரிய லென்ஸோடு ஒரு கூட்டமே நிற்கும். நானும் நின்று ஒரு ஜெட்டைப் படம் பிடித்து "செம!" என்று இங்கேயே போட்டேன், பழைய நண்பர்களுக்கு ஞாபகம் இருக்கும். என் பெண்ணுக்கு அப்போது ஆறு வயது. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு என் கால்களுக்கிடையே முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கீழே கடையில் ஒரு பாட்டி, விலை சொல்ல வாயைத் திறந்தார், அடுத்த விமானம் கிளம்பியது. அவர் முகம் சுளிக்கவில்லை, மேலே பார்க்கவும் இல்லை. வாயைத் திறந்தபடியே நின்றார். சத்தம் போனதும் "முந்நூறு யென்" என்றார். நான் பணத்தைக் கொடுத்துவிட்டு அடுத்த படம் எடுக்க மாடிக்கு ஓடினேன்.

உடனே வருவார்கள், "அந்தத் தளங்கள் இல்லாவிட்டால் சோற்றுக்கு என்ன வழி" என்று. 1972ல் அமெரிக்கா ஒகினாவாவைத் திருப்பிக் கொடுத்தபோது வருமானத்தில் 15 சதவீதம் தளங்களால் வந்தது. இப்போது ஐந்து, ஆறு சதவீதம். ஒகினாவா தலைநகர் நாஹாவில் ஒமொரோமாச்சிக்குப் போயிருக்கிறீர்களா? நீங்கள் கைப்பை வாங்கிவந்த அந்தப் பளபள கடைத்தெரு, அமெரிக்கப் படைக் குடும்பங்களின் குடியிருப்பு இருந்த இடம். திரும்பி வந்ததால்தான் கடைத்தெரு.

"ஜூன் தேர்தலில் அவர் ஆட்களே பெரும்பான்மையை இழந்தார்களே?" இழந்தார்கள். எனக்கும் சங்கடம்தான். ஆனால் செய்தி ஜூன் 25க்குப் பதில் ஜூன் 10ல் வந்திருந்தால்? சதி என்று சொல்லவில்லை, கேட்கத் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

இவர் அமெரிக்கக் கூட்டணியையே வேண்டாம் என்கிறவரும் இல்லை. அதை யாரும் படிப்பதில்லை. அவர் அப்பாவே ஓர் அமெரிக்க மரைன் படைக்காரர், அம்மா ஒகினாவாக்காரர், அப்பா முகத்தைப் பார்க்காமல் வளர்ந்தவர். அந்த மனிதரை அமெரிக்க வெறுப்பு என்கிறீர்கள். அவர் கேட்பது இதுதான்: ஜப்பான் நிலப்பரப்பில் 0.6 சதவீதம் உள்ள எங்கள் தீவில் அமெரிக்கப் படைகளுக்கென்றே ஒதுக்கிய இடத்தில் 70 சதவீதம் ஏன்? ஃபுடென்மாவை மூடுகிறோம் என்று 1996ல் சொல்லிவிட்டு, அதே தீவில் ஹெனோகோ கடலைத் தூர்த்து இன்னொன்று ஏன்? 2019ல் வாக்கெடுப்பு வைத்து 72 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். பாதிப் பேர்தான் ஓட்டுப் போட்டார்கள் என்று ஆரம்பிக்காதீர்கள், போடாதவர்கள் எல்லாம் வேண்டும் என்று வீட்டில் உட்கார்ந்திருந்தார்களா?

அடிக்கடல் தரை மயோனைஸ் மாதிரி கொழகொழவென்று இருக்கிறது என்று தெரிந்தபோதும் விடவில்லை. மாற்றிய திட்டத்துக்கு ஆளுநர் ஒப்புதல் தரமாட்டேன் என்றார், நீதிமன்றம் 2023 டிசம்பர் 25க்குள் கொடு என்றது, அப்போதும் மறுத்தார். 28ஆம் தேதி டோக்கியோ அமைச்சர் அவருக்குப் பதிலாகத் தானே ஒப்புதல் கொடுத்துவிட்டார். இப்போதுள்ள உள்ளாட்சிச் சட்டத்தின்கீழ் ஜப்பானில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. அந்தப் பிள்ளைக்கு நடந்தது டிசம்பர் 24, இது டிசம்பர் 28. ஒரே வாரம். அவர் கையெழுத்தும் தேவையில்லை, அவருக்குத் தகவலும் தேவையில்லை, அப்புறம் எதற்கு ஐயா அந்த நாற்காலி?

அந்தக் கடலைத் தூர்க்க மண் எங்கிருந்து என்று கேளுங்கள். தீவின் தெற்கிலிருந்து எடுக்கலாம் என்று ஒரு யோசனை. 1945ல் ஒகினாவாக்காரர்களில் நாலில் ஒருவர் செத்த போர் கடைசியாக நடந்த இடம் அது. இன்னும் தோண்டினால் எலும்பு கிடைக்கிறது. அங்கே கல்லில் 2,40,000க்கு மேல் பெயர்கள் வெட்டியிருக்கிறார்கள், எதிரியாக வந்து செத்த அமெரிக்கர்கள் பெயரும் சேர்த்து. அந்த மண்ணை லாரியில் ஏற்றி விமானத் தளத்துக்கு அடியில் போடவேண்டுமாம். அதற்கும் இவர் வாயைத் திறக்கக் கூடாது.

அண்ணா, இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். கோபம் உங்கள்மேல் இல்லை, அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்த என்மேல்தான் பாதி. அடுத்த ஞாயிறும் வருவேன், அண்ணியிடம் சொல்லிவையுங்கள். மற்றபடி கீழே வந்து "சீனா" என்று ஒற்றை வார்த்தை எழுதிவிட்டுப் போகிறவர்களுக்கு இந்தத் தடவை பதில் கிடையாது. காலையில் ஆறரை மணி ரயிலைப் பிடிக்கணும்.