மின்தடையின்போது கூரைச் சூரிய மின்தகடுகள் வீட்டுக்கு மின்சாரம் தருமா?

கூரையில் சூரிய மின்தகடுகள் இருந்தால், புயலில் மின்வாரியக் கம்பி அறுந்தாலும் பகல் முழுவதும் வீட்டில் மின்சாரம் இருக்கும் என்று ஒரு நண்பர் எழுதியதைப் பலர் பகிர்ந்துள்ளனர். மின்கலத்துடன் தனித்தியங்கும் அமைப்புக்கு இது பொருந்தும். வாங்கும் மின்சாரத்தையும் கொடுக்கும் மின்சாரத்தையும் அளக்கும் இருவழி மீட்டருடன் வாரியக் கம்பியோடு இணையும் சாதாரண ஆன்-கிரிட் அமைப்புக்குப் பொருந்தாது.

அத்தகைய அமைப்பின் இன்வெர்ட்டர் (தகடுகளின் மின்சாரத்தை வீட்டுக்கேற்ற மாறுமின்சாரமாக மாற்றும் கருவி), கம்பியில் வரும் மின்னழுத்தத்தையும் அதிர்வெண்ணையும் பின்பற்றியே இயங்குவதால், அவை இல்லாதுபோனால் எவ்வளவு வெயில் அடித்தாலும் ஓரிரு வினாடிகளில் தானாக நின்றுவிடும். இது பழுதன்று, கம்பத்தில் ஏறிப் பணிபுரியும் ஊழியரை நம் கூரை மின்சாரம் தாக்காதிருக்கச் செய்யப்பட்ட ஏற்பாடு. இதைச் சோதிப்பதற்கென்றே ஐ.எஸ். 16169 என்ற இந்தியத் தரநிலை உள்ளது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபின், சாய்ந்த கம்பங்களை நிமிர்த்தியவர்களை நினைத்துப் பார்த்தால் இதன் அவசியம் விளங்கும்.

இதை யாரும் சரிபார்க்கலாம். நல்ல வெயிலில், நண்பகலில், வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுச் சூரிய இன்வெர்ட்டரின் திரையைப் பாருங்கள். உற்பத்தி சுழியமாகிவிட்டால் அது ஆன்-கிரிட் வகையாகவே இருக்கும். (மின்விசிறி சுற்றுவதை வைத்து முடிவு செய்ய வேண்டாம், பழைய யு.பி.எஸ். பேட்டரியே அதை ஓட்டிக்கொண்டிருக்கக்கூடும்.) இனி வாங்கவிருப்பவர்கள், விலைப்பட்டியலில் மின்கலத்தின் கொள்ளளவும், மின்தடையின்போது இயங்கும் தனி வெளியீடும் குறிக்கப்பட்டுள்ளனவா என்று கேட்க வேண்டும். 'ஹைப்ரிட்' (வாரியக் கம்பியோடும் மின்கலத்தோடும் இயங்கக்கூடிய வகை) என்று மட்டும் எழுதப்பட்ட பட்டியலை நான் போதுமானதாகக் கருத மாட்டேன். ஆழ்துளைக் கிணற்று மோட்டார் அந்த வெளியீட்டில் இயங்குமா என்பதையும் எழுத்தில் பெறுவது நல்லது.