மாம்பலத்தில் மார்க் போடும் படலம்

(சென்னை, மேற்கு மாம்பலம், இரண்டாவது மாடி வீடு. அக்னி நட்சத்திரம் நடக்கிறது. மதியம் பன்னிரண்டரை. ஜன்னல்கள் வெயிலுக்காகச் சாத்தியிருக்கின்றன என்று சொல்லலாம், எதிர்வீட்டு மாமிக்காக என்றும் சொல்லலாம். மல்லிகா வங்கியில் கேஷ் கவுன்டரில் இருந்து ஓய்வு பெற்றவர். வசந்தா கணக்கு டீச்சர், 31 வருடம் ப்ளஸ் டூ விடைத்தாள் திருத்திய கை. பள்ளிக்கூட நாளிலிருந்து சிநேகிதிகள். மேஜைமேல் சாதம், பருப்பு, நெய், வத்தக்குழம்பு, அப்பளம், வசந்தா கொண்டுவந்த வாழைப்பூ வடை. நடுவில் ஓர் ஒயின் பாட்டில், கலசம் வைத்த மாதிரி.)

வசந்தா: உன் வீட்டுக்காரர் எங்கே?

மல்லிகா: திருப்பதி.

வசந்தா: அடிப்பாவி! அவர் மலையேறுகிற நேரத்திலா இதெல்லாம்?

மல்லிகா: அவர் இருக்கும்போது திறந்தால் இமயமலைக்கே போய்விடுவார். உட்கார்.

வசந்தா: மகள் ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்ததா?

மல்லிகா: ஆமாம், ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை. ஓர் ஆள் இரண்டு லிட்டர் வரை வரி கட்டாமல் கொண்டுவரலாமாம். முக்கால் லிட்டர் வீதம் இரண்டு வாங்கியிருக்கிறாள். மிச்சம் அரை லிட்டரை ஏன் விட்டுவிட்டாய் என்று கேட்டேன். "அம்மா, இது என்ன ரேஷன் சர்க்கரையா, வாங்காவிட்டால் கார்டில் அடித்துவிடுவார்களா?" என்கிறாள்.

வசந்தா: வெள்ளை எங்கே?

மல்லிகா: ஃப்ரிட்ஜில், தயிருக்குப் பக்கத்தில். சிவப்பை மட்டும் அறை வெப்பநிலையில் வைக்கச் சொன்னாள், நேற்றிலிருந்து இங்கேயேதான் இருக்கிறது.

வசந்தா: எந்த ஊர் அறை? அவர்கள் சொல்வது 16, 18 டிகிரி. அது அந்தக் குளிர்தேசத்து அறை. மே மாதத்து மாம்பலத்தில் அறை வெப்பநிலை என்றால் அது ஒயின் இல்லை, ரசம். முதலில் ஃப்ரிட்ஜில் வை.

மல்லிகா: இடமில்லை, இட்லி மாவு இருக்கிறது.

வசந்தா: மாவை வெளியே எடு.

மல்லிகா: இந்த வெயிலில் வெளியே வைத்தால் சாயங்காலத்துக்குள் பொங்கி வழியும். அப்புறம் அதற்கும் சேர்த்து மார்க் போடவேண்டியதுதான்.

வசந்தா: போடலாமே, அதுவும் நொதித்ததுதான். இங்கே ஈஸ்ட் சர்க்கரையைத் தின்றுவிட்டு ஆல்கஹால் தருகிறது, உன் மாவில் பாக்டீரியா புளிப்பு தருகிறது. ஒரே சிலபஸ், வேறு வேறு கேள்வித்தாள்.

(பாட்டில்கள் இடம் மாறுகின்றன. மாவு கடைசியில் ஏசிக்கு நேர் கீழே உட்கார்த்தப்படுகிறது. வசந்தா கைப்பையிலிருந்து கோடு போட்ட தாளும் சிவப்பு மைப் பேனாவும் எடுக்கிறார். ஓய்வு பெற்றும் அந்தப் பேனாவுக்கு ரீஃபில் வாங்குவதை அவர் நிறுத்தவில்லை.)

மல்லிகா: மார்க் எப்படி? போன தடவை பத்துக்குப் போட்டோம்.

வசந்தா: இந்தத் தடவை முறையாக. அமெரிக்காவில் ராபர்ட் பார்க்கர் என்று ஒருவர், வக்கீலாக இருந்தவர். 1978-ல் சொந்தமாக ஒயின் பத்திரிகை ஆரம்பித்து நூற்றுக்கு மார்க் போட்டார். நிறத்துக்கு 5, வாசனைக்கு 15, சுவைக்கு 20, மொத்தத் தரத்துக்கு 10.

மல்லிகா: ஐம்பதுதானே வருகிறது?

வசந்தா: மிச்சம் 50 சும்மா. ஒயின் என்று வந்து உட்கார்ந்துவிட்டாலே 50.

மல்லிகா: பரீட்சைக்கு வந்ததற்கே ஐம்பதா? நம் ஊரில் முப்பத்தைந்து எடுத்தால் பாஸ் ஆயிற்றே!

வசந்தா: அதனால்தான் அந்த ஐம்பதை ரத்து செய்துவிட்டேன். என் கையால் இனாம் மார்க் போனதில்லை. ஐம்பதுக்குத்தான் திருத்தப்போகிறேன். அப்புறம் பக்கத்தில் ஒரு கட்டம், சாப்பாட்டுக்கு 20.

மல்லிகா: சாப்பாட்டுக்கு எதற்கு மார்க்?

வசந்தா: ஒயின் தனியாகவா உள்ளே போகிறது?

(மல்லிகாவின் முகத்தில் அப்போதே ஒரு மாற்றம். டீச்சர் கவனிக்கவில்லை. டீச்சர்கள் கவனிப்பதில்லை.)

மல்லிகா: கிளாஸ்தான் சரியாக இல்லை. எவர்சில்வர் டம்ளரில் ஊற்றட்டுமா?

வசந்தா: நிறம் எப்படித் தெரியும்? டீத்தூள் வாங்கினால் இனாமாகக் கொடுத்தானே, அந்தக் கண்ணாடி டம்ளரை எடு. ஆனால் அது வாய் அகலம், வாசனை பறந்துவிடும். வயிறு அகலமாகவும் கழுத்து குறுகலாகவும் வேண்டும்.

மல்லிகா: சொம்பு!

வசந்தா: ...சொம்புதான். பார்ப்பதற்கு டம்ளர், மோந்து பார்ப்பதற்குச் சொம்பு. துப்புவதற்கு?

மல்லிகா: துப்புவதா? யார் துப்பப் போகிறார்கள்?

வசந்தா: நடுவர்கள் வாயில் சுழற்றிவிட்டுத் துப்பிவிடுவார்கள். ஒரே நாளில் ஐம்பது அறுபது ஒயின் பார்க்கிறவர்கள், விழுங்கினால் ஐந்தாவதிலேயே படுத்துவிடுவார்களே.

மல்லிகா: என் மாமியாரின் வெற்றிலைப் படிக்கம் பரணில் இருக்கிறது. பித்தளை. ஆனால் ஒன்று சொல்கிறேன், மகள் அங்கிருந்து சுமந்து வந்ததைத் துப்ப எனக்கு மனசு வராது. படிக்கத்தை வேண்டுமானால் அலங்காரத்துக்கு வைக்கிறேன்.

(வெள்ளை வருகிறது. திருகு மூடி. மல்லிகா ஒரே திருகில் திறந்துவிட்டு, இவ்வளவுதானா என்பது போலப் பார்க்கிறார். சொம்பில் இரண்டு வாய் அளவு ஊற்றி மோந்து பார்க்கிறார்.)

மல்லிகா: வசந்தா, இது கெட்டுப்போயிருக்கிறது.

வசந்தா: என்ன வாசனை?

மல்லிகா: ரேஷன் கடை. 1985-ல் கேனைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றோமே, அந்த வாசனை.

வசந்தா: மண்ணெண்ணெயா? கொடு. (மோந்து பார்த்து, பாட்டிலைத் திருப்பி) ரீஸ்லிங். மோசல் ஆற்றங்கரை, 2014. அப்படியானால் சரியாகத்தான் இருக்கிறது. ரீஸ்லிங் திராட்சை ஒயினுக்கு வயசானால் மண்ணெண்ணெய் வாசனை வரும். டி.டி.என். என்று ஒரு வேதிப்பொருள். தெரிந்தவர்கள் இதைத் தேடிப் பிடித்து மோந்து பார்த்து ஆகா ஆகா என்பார்கள்.

மல்லிகா: மாதம் பத்து லிட்டர் வாங்கினேனே, ஒரு நாள்கூட எனக்கு ஆகா வரவில்லையே!

வசந்தா: நீ அடுப்பில் ஊற்றினாய். சரி, குடி. வத்தக்குழம்பு சாதத்தோடு.

(இருவரும் ஒரு வாய் சாப்பிட்டு ஒரு வாய் குடிக்கிறார்கள். மௌனம். மல்லிகாவின் புருவம் மெல்ல மேலே போகிறது.)

மல்லிகா: ஏய், நன்றாக இருக்கிறதே! லேசாகத் தித்திக்கிறது, பின்னாலேயே எலுமிச்சை மாதிரி ஒரு புளிப்பு. குழம்பின் காரத்தை அப்படியே தடவிக்கொடுக்கிறது.

வசந்தா: அந்தத் தித்திப்புதான் காரத்துக்கு மருந்து. ஆல்கஹாலும் குறைவு, எட்டரை சதவீதம். ஆல்கஹால் ஏற ஏற மிளகாய் எரிச்சல் கூடும். நிறம் 4. வாசனை 9.

மல்லிகா: ஒன்பதுதானா? ஆகா வாசனை என்றாயே!

வசந்தா: நீ ரேஷன் கடையை ஞாபகப்படுத்திவிட்டாய், இனி எனக்கு அது போகாது. சுவை 16. மொத்தத் தரம் 7. ஆக 36. வத்தக்குழம்பு...

மல்லிகா: எவ்வளவு?

வசந்தா: இரண்டு ஒயினோடும் பார்த்துவிட்டுத்தான்.

(சிவப்பு. கார்க் மூடி. போன தடவை திருகாணி இல்லாமல் கரண்டிக் காம்பால் கார்க்கை உள்ளே தள்ளி, டீ வடிகட்டியில் வடித்துக் குடித்தார்கள். இந்தத் தடவை மகள் திருகாணியும் வாங்கி வந்திருக்கிறாள், பெற்றவளை அறிந்த மகள்.)

வசந்தா: கேபர்னே திராட்சை. பிரான்சில் போர்தோ ஊர். இதைத் திறந்ததும் குடிக்கக்கூடாது, காற்றுப் பட வேண்டும். அதற்கென்று பெரிய கண்ணாடி ஜாடி வைத்திருப்பார்கள்.

மல்லிகா: காற்றுப் பட வேண்டும், அவ்வளவுதானே? டபராவைக் கொண்டா.

(மல்லிகா எழுந்து நிற்கிறார். ஒயின் டம்ளரிலிருந்து டபராவுக்கும் டபராவிலிருந்து டம்ளருக்கும் ஒரு முழ நீளத்துக்கு இறங்குகிறது. நாற்பது வருடம் காபி ஆற்றிய கை, ஒரு சொட்டு வெளியே விழவில்லை. போர்தோ ஊர்க்காரர் பார்த்திருந்தால் அழுதிருப்பார். ஆனந்தத்திலா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.)

வசந்தா: போதும்டி, நுரை வந்துவிட்டது!

மல்லிகா: நுரை வராவிட்டால் அது என்ன ஆற்றல்? பாட்டிலின் பின்னால் என்னமோ எழுதியிருக்கிறது, படி.

வசந்தா: பிளாக்கரன்ட், சீடர் மரம், சுருட்டுப் பெட்டி.

மல்லிகா: பிளாக்கரன்டை ஐஸ்கிரீமில்தான் பார்த்திருக்கிறேன். சுருட்டு தெரியும். எங்கள் தாத்தா உறையூர்ச் சுருட்டுதான் பிடிப்பார், அந்தப் பெட்டியில்தான் நான் கல்யாண முருங்கை விதை சேர்த்து வைப்பேன். ஆமாம், கொஞ்சம் அந்த வாடை இருக்கிறது. சீடர் என்றால்?

வசந்தா: (சொம்புக்குள் மூக்கை விட்டு, வெளியே எடுக்காமல்) மல்லிகா. பென்சில் சீவல். சீடர் மரத்தில்தானே பென்சில் செய்வார்கள். காலையில் ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்தால் குப்பென்று வருமே... ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு... வாசனைக்கு 13.

மல்லிகா: அழுகிறாயா?

வசந்தா: இல்லை, ஆல்கஹால். குழம்பைப் போடு.

(ஒரு வாய் வத்தக்குழம்பு சாதம், ஒரு வாய் சிவப்பு. வசந்தாவின் முகம், விடைத்தாளில் பிதாகரஸ் தேற்றத்தைத் தப்பாக எழுதியவனைக் கண்ட முகமாகிறது.)

வசந்தா: கடுக்காயைக் கடித்த மாதிரி இருக்கிறது.

மல்லிகா: ஒயின்தானே?

வசந்தா: ஒயின் துவர்க்கும்தான். திராட்சைத் தோலோடும் விதையோடும் ஊறுவதால் வரும் டானின் அது. எச்சிலில் இருக்கிற புரதத்தைப் பிடித்துக்கொள்ளும், அதனால்தான் நாக்கு வறள்கிறது. ஆனால் உன் குழம்பின் காரம் அதை இன்னும் கிளறிவிடுகிறது. வத்தக்குழம்பு, இருபதுக்கு 11.

(ஏசியின் சத்தம் மட்டும் கேட்கிறது.)

மல்லிகா: பதினொன்றா?

வசந்தா: ஜோடிப் பொருத்தத்துக்குத்தான் மார்க், குழம்புக்கு இல்லை.

மல்லிகா: என் மாமியார் முப்பது வருடம் இந்தக் குழம்பைக் குறை சொல்லிச் சொல்லியே சாப்பிட்டார். அவர்கூடப் பதினொன்று போட்டிருக்கமாட்டார். வந்தவன் துவர்க்கிறான், வீட்டுக் குழம்புக்கு மார்க் குறைகிறதா? எடு உன் வாழைப்பூ வடையை. அதைத் தின்றுவிட்டு இதைக் குடி.

(வசந்தா தின்கிறார், குடிக்கிறார், ஒன்றும் சொல்லாமல் எழுதுகிறார்.)

மல்லிகா: எவ்வளவு?

வசந்தா: பதினெட்டு.

மல்லிகா: வாழைப்பூ துவர்ப்பு, ஒயின் துவர்ப்பு! எனக்கு நாக்கே இல்லை இப்போது, நாவல்மரத்தடியில் விழுந்து கிடக்கிறது. சொந்த வடைக்குப் பதினெட்டு! கையோடு மறுகூட்டல், மறுமதிப்பீடு இரண்டுக்கும் விண்ணப்பிக்கிறேன்.

வசந்தா: 1976-லும் இதே சண்டைதான். பாரிஸில் பிரெஞ்சு ஒயினுக்கும் அமெரிக்காவின் கலிபோர்னியா ஒயினுக்கும் போட்டி. பாட்டிலை மறைத்துவைத்து பிரெஞ்சு நடுவர்களே மார்க் போட்டார்கள். சிவப்பு, வெள்ளை இரண்டிலும் கலிபோர்னியா முதலிடம். முடிவு தெரிந்ததும் ஒரு நடுவர் அம்மாள் தன் மார்க் ஷீட்டைத் திருப்பிக் கொடு என்று கேட்டாராம்.

மல்லிகா: கொடுத்தார்களா?

வசந்தா: கொடுக்கவில்லை.

மல்லிகா: நான் கேட்கமாட்டேன், பிடுங்கிக்கொள்வேன். முதலில் பருப்பு சாதத்தில் நெய் விட்டு, அப்பளத்தை நொறுக்கிப்போட்டு, இந்தச் சிவப்பைக் குடித்துப் பார். பேச்சு அப்புறம்.

(வசந்தா குடிக்கிறார். முகம் இளகுகிறது.)

வசந்தா: அட, துவர்ப்பு அடங்கிவிட்டதே! நெய்யும் பருப்பும் உப்பும் சேர்ந்து அதைக் கட்டிப்போட்டுவிட்டன. அவர்கள் சீஸ் வைத்துக்கொள்வது இதற்குத்தான். பருப்பு சாதம் 19!

மல்லிகா: ஒரு மார்க் எங்கே?

வசந்தா: நெய் கடையில் வாங்கியது. சரி, சிவப்பு. நிறம் 4, வாசனை 13, சுவை 10, மொத்தத் தரம் 6. ஆக 43. சிவப்புதான் முதலிடம்!

மல்லிகா: தாளைக் கொடு.

வசந்தா: எதற்கு?

மல்லிகா: மறுகூட்டல். (விரல் நுனியால் நோட்டு எண்ணும் வேகத்தில்) நாலும் பதிமூன்றும் பதினேழு. பத்து, இருபத்தேழு. ஆறு, முப்பத்துமூன்று. நீ 43 போட்டிருக்கிறாய்.

வசந்தா: இருக்காது.

மல்லிகா: முப்பத்துமூன்று. ரீஸ்லிங் முப்பத்தாறு. வாழ்நாள் பூராவும் கேஷில் ஒரு ரூபாய் இடித்ததில்லை எனக்கு. கணக்கு டீச்சருக்குப் பத்து இடிக்கிறது.

வசந்தா: (நீண்ட நேரம் தாளையே பார்த்துவிட்டு) பென்சில் வாசனைடி. கண்ணை மறைத்துவிட்டது.

மல்லிகா: அந்தப் பதினொன்றை அடி. பக்கத்தில் சுருக்கொப்பம் போடு.

(வத்தக்குழம்பு 16 ஆகிறது. வடை பதினெட்டிலிருந்து பன்னிரண்டுக்கு இறங்குகிறது. அது அநியாயம், வடை நன்றாகத்தான் இருந்தது.)

வசந்தா: காலி பாட்டிலை என்ன செய்வாய்? பழைய பேப்பர்காரரிடம் போடமுடியாதே.

மல்லிகா: போட்டால் தெரு முழுக்க எடை போட்டுவிடுவார். மொட்டைமாடித் தொட்டியில் புதைத்துவிடலாமா?

வசந்தா: அந்த வேலையே வேண்டாம். ரோமாபுரியிலிருந்து ஜாடி ஜாடியாக ஒயின் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் வந்து இறங்கியது. குடித்துவிட்டு ஜாடியைப் போட்டுவிட்டுப் போனார்கள். ஏறக்குறைய இரண்டாயிரம் வருடம் கழித்து, 1945-ல் மார்ட்டிமர் வீலர் என்ற தொல்லியல்காரர் வந்து துண்டு துண்டாகத் தோண்டி எடுத்து உலகத்துக்கே சொல்லிவிட்டார். புதைத்தால் மாட்டிக்கொள்வோம்.

மல்லிகா: அப்படியானால் வழக்கம்போல மணிபிளான்ட்தான்.

வசந்தா: ஷோகேஸில் இப்போதே ஐந்து நிற்கிறது. உன் வீட்டுக்காரர் ஒன்றும் கேட்பதில்லையா?

மல்லிகா: தினமும் தண்ணீர் மாற்றுகிறார். போன வாரம் எதிர்வீட்டு மாமிதான் வந்து, "மணிபிளான்ட் வைத்திருக்கிற பாட்டில் அழகாக இருக்கிறதே, எனக்கும் ஒன்று வேண்டும்" என்றார்.

வசந்தா: செடி வெட்டிக் கொடுத்தாயா?

மல்லிகா: கத்தரிக்கோலை எடுத்தேன். "செடி என்னிடம் இருக்கிறது, பாட்டில்தான் வேண்டும்" என்றார். சரி, அடுத்தது காலியானதும் கழுவித் தருகிறேன் என்றேன். "கழுவ எதற்குச் சிரமம்? மூடியோடே கொடுங்கள்" என்றார்.

(இருவரும் சாத்திய ஜன்னலைப் பார்க்கிறார்கள்.)

வசந்தா: ஜன்னலைத் திற. இன்னொரு சொம்பு எடு.