பத்து நாள் பிந்திப் போட்டவருக்குக் கெடு முந்திவிடும்

அடுத்தவர் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் பேட்டன்ட் ஏஜென்ட் ஆவதற்கான பரீட்சைக்கு நான் படிக்கும் புத்தகம் ஒரு சீனியர் அக்காவிடம் பாதி விலைக்கு வாங்கியது. போட்ட காப்புரிமை விண்ணப்பத்தைப் பரிசோதிக்கக் கேட்டு ஃபார்ம் 18 போட 48 மாதம் என்ற வரிக்கு அக்கா சிவப்பு மையில் இரண்டு கோடு இழுத்து, ஓரத்தில் 'கண்டிப்பா வரும்' என்று எழுதி வைத்திருக்கிறார். 2024 மார்ச் 15 அன்று விதிகள் திருத்தப்பட்டு அது 31 மாதம் ஆனது. நானும் 48ஐ அடித்துவிட்டு 31 என்று எழுதினேன். அங்கேதான் கோட்டை விட்டேன்.

48 இன்னும் சாகவில்லைங்க. அந்தத் தேதிக்கு முன்பு தாக்கலான விண்ணப்பங்களுக்கு இப்போதும் அதுதான். கோவை கணபதியில் ஒருவர் புதுமாதிரி கிரைண்டருக்கு 2024 மார்ச் 10 அன்று முதல்முறையாக விண்ணப்பித்தார் என்று வையுங்கள், அவருக்கு 2028 மார்ச் 10 வரை நேரம் இருக்கிறது. பக்கத்துப் பட்டறைக்காரர் மார்ச் 20 அன்று போட்டிருந்தால் 2026 அக்டோபர் 20 கடைசி. தவறவிட்டால் விண்ணப்பத்தை அவரே திரும்பப் பெற்றதாக ஆகிவிடும்.

இதை லேத் ஓட்டும் அப்பாவிடம் சொன்னேன். "பட்டறைல உக்காந்திருக்கறவனுக்கு இதையெல்லாம் ஆரு கண்ணு சொல்லுவாங்க?" என்றார். அதைச் சொல்லத்தான் ஏஜென்ட், அதனால் பரீட்சையில் கேட்பதில் எனக்குக் குறையே இல்லை. கெடுவைக் குறைத்ததும் சரிதான், நாலு வருஷம் ஒரு விண்ணப்பம் அந்தரத்தில் தொங்கினால் அதே தொழிலில் இருக்கும் மற்றவன் என்ன செய்வான்?

என் கோபமெல்லாம் தேதி இல்லாத கேள்விமேல். நான் எழுதிய ஒரு மாதிரித் தேர்வில் 'ஃபார்ம் 18க்குக் கெடு எவ்வளவு?' என்று மொட்டையாகக் கேட்டு, 31ஐயும் 48ஐயும் விடையில் வைத்திருந்தார்கள். நான் 31 போட்டேன், விடைத்தாளில் 48! பல நாடுகளுக்குச் சேர்த்து ஒரே விண்ணப்பம் போடும் பிசிடி ஒப்பந்தம் வழியாக இந்தியாவுக்குள் வரவும் அதே 31 மாதம் என்பதால் ஏற்கெனவே மண்டை காய்கிறது. ஃபார்ம் 3, ஃபார்ம் 27 என்று அதே திருத்தத்தில் மாறிய படிவங்கள் இன்னும் உண்டு, அதெல்லாம் மனப்பாடம் செய்துவிடலாம், விடுங்கள். ஆனால் கெடுவைப் பற்றிக் கேட்கிறவர் எந்தத் தேதியில் தாக்கலான விண்ணப்பம், முன்னுரிமைத் தேதி (அதே கண்டுபிடிப்புக்கு முதலில் போட்ட விண்ணப்பத்தின் தேதி) உண்டா என்று ஒரு வரி சேர்த்தால் என்ன குறைந்துவிடும்? எழுத்துத் தாளில் 50க்குக் கீழே போனால் வெளியே, மொத்தத்தில் 60 சதவீதமும் வேண்டும். இதில் இரண்டு மார்க் என்பது சும்மா இல்லை.

அப்புறம், காந்திபுரம் பக்கம் யாரிடமாவது திருத்தத்துக்குப் பிந்தைய பதிப்பு இருந்தால் சொல்லுங்க. என் புத்தகத்தில் அந்தப் பக்கம் அடித்து எழுதியே கிழியப் போகிறது.